சுவரைக் கிள்ளித் தைத்த பை

மார்ச் 5, 2025. புதன்

ஆணியில் வேன் சாவி இல்லை. இன்றோடு ஆறு நாள். எடுத்து ஒளித்தவன் என் மகன் குணாளன். கேட்டால், "ஊசி போட்டுக்குங்கப்பா, சாவி தானா வந்து தொங்கும்" என்கிறான். கிண்டல்.

பதினான்கு வருடமாக எஸ்டேட் பிள்ளைகளை தானா ராத்தா தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகிறேன். இப்போது ஒன்பது பேர். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா? அதை யாரும் பேசுவதில்லை. வீட்டில் என் கண்ணைத்தான் பேசுகிறார்கள்.

கண் விஷயத்தை எனக்காகவே எழுதி வைக்கிறேன். ஒன்பது மாதமாக இரண்டு இமையும் தாமாக மூடிக்கொள்கின்றன. தூக்கம் இல்லை, வலி இல்லை. மூடினால் மூடினதுதான். நான் திறக்கச் சொன்னாலும் கேட்பதில்லை. நெற்றிப்பொட்டில் விரலை வைத்து அழுத்தினால் சில சமயம் திறக்கும்.

போன வெள்ளிக்கிழமை குணாளன் என்னை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் தர்ஷினி, சின்ன வயது. "இமைய மூடுற தசைக்கு மூளை தேவையில்லாம உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கு ஐயா. அந்த உத்தரவு போய்ச் சேராம பண்ணணும்" என்றார். எதை வைத்து? விஷம். கெட்டுப்போன டப்பா உணவில் வளரும் கிருமியின் விஷத்தைக் கண்ணைச் சுற்றிக் குத்துவார்களாம்.

எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன். ஒரு தாளின் பின்பக்கம் வட்டம் போட்டு, உள்ளே குட்டி வட்டங்கள் போட்டார். "நரம்பு நுனியில இந்த மாதிரி சின்னச் சின்ன பை நிறைய இருக்கு. பை சுவர்ல ஒட்டித் திறந்தாத்தான் உள்ள இருக்கிற சரக்கு தசைக்குப் போவும். ஒட்டுறதுக்குக் கொக்கி இருக்கு. விஷம் அந்தக் கொக்கிய வெட்டிடும்."

"பைய யாரு தச்சா?"

சிரித்தார். "வெளியில நாப்பது பேரு காத்திருக்காங்க ஐயா. கையெழுத்துப் போடுறீங்களா?"

புரியாத காகிதத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 6

காலையில் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது மூடியது. திறந்தபோது சட்டையெல்லாம் தேத்தண்ணீர்.

மார்ச் 9. ஞாயிறு

என்னிடம் ஒரு பழைய உயிரியல் புத்தகம் இருக்கிறது. ஆறாம் படிவத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்புக்கு உரியது, ஆங்கிலம், அட்டை இல்லை. நான் படித்தது ஆறாம் வகுப்பு. ஆங்கிலம் அகராதி வைத்து நானாகக் கற்றது. ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது, அதிலும் பாதி நேரம் கண் மூடியிருக்கிறது.

செல் என்றால் பொட்டு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, உள்ளே அறை அறையாக இருக்கிறது. ஓர் அறையில் புரதம் செய்கிறார்கள். அடுத்த அறையில் மெருகேற்றித் தரம் பிரிக்கிறார்கள். பிறகு வெளிச்சுவருக்கோ வேறு அறைக்கோ அனுப்புகிறார்கள். இதுவரை நம் தேயிலை ஃபேக்டரி போலத்தான். வாட்டுகிற மாடி, உருட்டுகிற மிஷின், சலிக்கிற இடம். முப்பது வருடம் அங்கே இருந்தவன் நான், எனக்குத் தெரியாததா?

ஆனால் அனுப்புகிற விதம்தான் கணக்குக்கு வரவில்லை. தனியாகச் சாக்கு கிடையாதாம். செய்கிற அறையின் சுவரே புடைத்து, புரதத்தை உள்ளே வைத்து மூடி, கிள்ளிக்கொண்டு வந்துவிடுமாம். அதுதான் பை. சுவரைக் கிள்ளித்தான் பை தைக்கிறார்கள்! அந்தப் பை அடுத்த அறைக்குப் போய் ஒட்டி, சரக்கை உள்ளே கொட்டி, பையின் துணி அந்த அறையின் சுவரோடு சுவராகிவிடும்.

எந்த எஸ்டேட் துரை இதற்கு ஒப்புவான்? அனுப்புகிற அறை சுவரில்லாமல் நிற்கும். வாங்குகிற அறை ஊதிப்போகும். நரம்பு நுனியில் ஒரு நாளைக்கு எத்தனை பை போய் ஒட்டும்! அத்தனையும் சுவரானால் நுனி பலூன் மாதிரி ஆக வேண்டாமா? ஆகவில்லை. அப்படியென்றால் புத்தகம் பொய், அல்லது நான் எதையோ விட்டுவிட்டேன்.

நான் விடவில்லை. மூன்று முறை படித்தேன்.

மார்ச் 12

திலகா வந்தாள். எஸ்டேட் கீழ் லைன் வீட்டில் இருக்கிறவள், அவள் பிள்ளைகள் இரண்டு பேர் என் வேனில் வருகிறவர்கள். நான் ஓட்டுவதை நிறுத்திய நாளிலிருந்து அவள்தான் தன் சின்னக் காரில் இரண்டு நடையாக எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுபோய் விடுகிறாள்.

"அண்ணே, எப்ப வண்டி எடுப்பீங்க? என் காரு பாதி மேட்டுலயே மூச்சு வாங்குது லா."

"திங்கக்கிழம."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய்க்கு வந்தது. மாற்றுச் சாவி ஒன்று என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, குணாளனுக்குத் தெரியாது.

பிப்ரவரி 27-ஆம் தேதி காலை, மேட்டு வளைவில் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

மார்ச் 17. திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

குணாளன் வேலைக்குப் போனதும் வேனை எடுத்தேன். கீழ் லைன் முன்னால் பிள்ளைகள் ஒன்பது பேரும் ஏறினார்கள். திலகா கதவை இழுத்துச் சாத்தினாள். கியரில் கை வைத்தேன். மூடிக்கொண்டது.

வண்டி நகரவில்லை. என்ஜின் மட்டும் ஓடுகிறது. யாருக்கும் தெரியாது, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் நினைப்பார்கள் என்று சும்மா இருந்தேன். அப்போது பின்னாலிருந்து சத்தம். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஒன்பது பேரும் ஒன்றாக, பாட்டுப் பாடுகிற மாதிரி. "பத்து... பதினொண்ணு..." பதிமூன்றில் திறந்தது. கைதட்டினார்கள்.

"புது ரெக்கார்ட் தாத்தா!"

எத்தனை நாளாக எண்ணுகிறார்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்தாம், எனக்குக் கேட்காமல் வாய்க்குள்ளே. ஓட்டும்போது மூடுவது எனக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! என் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் தெரியுமாம்.

திலகா வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்னவள் சொன்னாள்: "வளைவுல அன்னிக்கு ஏழு, தாத்தா. அது கொஞ்சம்தான்."

திலகா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கதவைத் திறந்து, "எல்லாரும் கீழ எறங்குங்க" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 18

குணாளன் இரண்டாவது சாவியையும் வாங்கிக்கொண்டான். கொடுத்தேன். என்ன செய்ய.

மார்ச் 23. ஞாயிறு

மூன்று நாளாக ஒரே பக்கம். இன்று அகப்பட்டது.

சுவர் ஊதுவதில்லை. ஏனென்றால் வந்து ஒட்டிய துணியை அந்தச் சுவரே மறுபடி உள்பக்கமாகக் கிள்ளி எடுத்துக்கொள்கிறது. காலிப் பையாகத் திரும்பி உள்ளே போகிறது, மறுபடி சரக்கு ஏற்றுகிறார்கள். போகிற பை, வருகிற பை, கணக்கு சரி. புத்தகம் பொய் இல்லை. பதினான்கு பக்கம் தள்ளி எழுதி வைத்திருக்கிறான், மடையன். இதை முதலில் சொன்னால் என்ன?

பை எங்கே போக வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? அதற்குத்தான் டாக்டர் சொன்ன கொக்கி. பையில் ஒன்று, சேரும் இடத்தில் அதற்குப் பொருந்துகிற ஒன்று. இரண்டும் பின்னிக்கொண்டு முறுக்கினால்தான் சுவர்கள் சேரும். நம் எஸ்டேட்டில் டிவிஷனுக்கு ஒரு நிறக்கோடு போட்ட சாக்கு மாதிரி. இதுவும் சரி.

ஆனால் கொக்கியின் ஒரு பாதி சுவரின் உள்பக்கத்தில் இருக்கிறது. விஷத்தைக் குத்துவது வெளியில். சுவர் மூடியிருக்கிறது. வெட்டுகிறவன் உள்ளே எப்படிப் போனான்? புத்தகத்தில் இல்லை. கடைசி அத்தியாயம்வரை தேடிவிட்டேன், இல்லை.

எந்தக் கதவு வழியாக நுழைகிறது என்று தெரியாத ஒன்றை என் கண்ணுக்குள் விட மாட்டேன். குணாளன் தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 8. செவ்வாய்

ஈப்போ. கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. தாளை வாங்கிப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஐயா, இத யாரு உங்களுக்கு எழுதிக் குடுத்தா?"

"எனக்குக் கை இருக்கு."

"கோவிச்சுக்காதீங்க லா." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பை சுவர்ல ஒட்டித் திறக்குது பாருங்க, அப்ப அதோட உள்பக்கம் வெளியில தெரியும். விஷம் அந்த உள்பக்கத்தத்தான் புடிச்சுக்கும். அப்புறம் செல்லு காலிப் பைய உள்ள இழுக்குமில்ல? அதுக்குள்ள ஒக்காந்துக்கிட்டுப் போயிடும். உள்ள போனதும் பையிலேர்ந்து நழுவிக் கொக்கிய வெட்டும். எந்த நரம்பு அதிகமா வேல செய்யுதோ அதுலதான் அதிகமா ஏறும்."

"காலிப் பையிலயா?"

"காலிப் பையிலதான்."

குணாளன் பேனாவை நீட்டினான். "ஒருத்தர ஒண்ணு கேக்கணும், அப்புறம்தான்" என்றேன். டாக்டர் பாவம், ஒன்றும் புரியாமல் விழித்தார். அடுத்த தேதி 24 என்று எழுதிக் கொடுத்தார்.



ஏப்ரல் 9

கேட்க வேண்டியவர் ராமையா. நான் லோரி ஓட்டிய காலத்தில் ஃபேக்டரி கேட்டில் ஜாகாவாக நின்றவர், வருகிற போகிற வண்டியைச் சோதிக்கிற வேலை. இப்போது எழுபத்தெட்டு வயது. முப்பத்து நான்கு வருடமாக நான் அவர் முகத்தில் விழித்ததில்லை.

1991-இல் கொழுந்துச் சாக்குகளை மலையிலிருந்து ஃபேக்டரிக்கு இறக்கி, காலிச் சாக்குகளை மலைக்குத் திருப்பிக் கொண்டுபோவது என் வேலை. ஃபேக்டரியை விட்டு வெளியே போகிற தேயிலைப் பெட்டியைத்தான் தடவித் தடவிச் சோதிப்பார்கள். காலிச் சாக்கை ஒருவரும் தொட மாட்டார்கள். ஒரு நாள் ராமையா தொட்டார். உள்ளே நான்கு பொட்டலம் தேயிலைத்தூள் இருந்தது. லோரியை என்னிடமிருந்து பிடுங்கி வாட்டுகிற மாடிக்கு அனுப்பினார்கள். நான் எடுக்கவில்லை. ராமையாதான் வைத்து ராமையாவே எடுத்தார் என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனால் நேற்று டாக்டர் சொன்னதிலிருந்து மனசு அடங்கவில்லை. திரும்பிப் போகிற காலிப் பையில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றால், ஏற்றியவன் கேட்டில் நிற்க வேண்டிய அவசியமே இல்லையே.

அவர் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு, கருப்பையாவா? வழி தப்பி வந்துட்டியா?"

"ஒண்ணு கேக்க வந்தேன்." அண்ணே என்பது வாயில் வரவில்லை.

"கேளு, கேளு. முப்பத்து நாலு வருசம்தானே ஆச்சு. சீக்கிரமாத்தான் வந்திருக்க."

"சாக்குல பொட்டலத்த வச்சது யாரு?"

"எனக்கென்ன தெரியும்? நான் எடுத்தவன், வச்சவன் இல்ல. நீ வைக்கலன்னு துரைகிட்ட சொன்னேன்."

"சொன்னீங்களா?"

"ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணியும் பக்கத்துலதான் நின்னாரு. அவரு செத்துட்டாரு, இனி யாரக் கேப்ப? துரை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, டிரைவர் சாக்க உதறி எண்ணுனானான்னு. நான் பொய் சொல்லணுமா? நீ உதறல. சீட்டுல ஒக்காந்து அகராதி படிச்சிக்கிட்டு இருந்த."

உதறி, மடித்து, எண்ணி ஏற்றுவது டிரைவர் வேலை. நிஜம்தான். அகராதி படித்ததும் நிஜம்தான். அதற்காக லோரியைப் பிடுங்குவதா? அது இன்றைக்கும் அநியாயம். ஆனால் ராமையா செய்த அநியாயம் இல்லை. அப்படியென்றால் இத்தனை வருடம் நான் யார்மீது கோபமாக இருந்தேன்? அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கிளம்பும்போது ஒரு கட்டுக் கீரையைக் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன். தூக்கிப்போடவும் முடியவில்லை.

ஏப்ரல் 12. சனி

எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 27. மேட்டு வளைவில் திரும்பும்போது மூடியது. பிள்ளைகள் ஏழு எண்ணினார்களாம். நெற்றிப்பொட்டை அழுத்தினேன், திறக்கவில்லை. பிரேக்கை அழுத்தவும் பயம், பின்னால் வண்டி. திறந்தபோது நான் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறேன். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு இறங்கும் லோரி முன்னால். ஒடித்துத் திருப்பினேன். பிள்ளைகள் எண்ணுவதில் இருந்ததால் லோரியைப் பார்க்கவில்லை.

நான் மட்டும் பார்த்தேன்.

சாயங்காலம் திலகா வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எதிர்ல லோரி வந்துச்சு திலகா."

"எவ்ளோ கிட்ட?"

"கண்ணு திறந்தப்ப ஓட்டுறவன் மீச தெரிஞ்சுச்சு."

கையிலிருந்த சட்டையைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த சட்டை. "இத எங்கிட்ட ஏண்ணே சொல்றீங்க?"

"தெரியல."

"தெரியலயா? அப்ப மத்தப் பிள்ளைங்களோட ஆறு வீட்டுக்கும் போயி நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்."

நான்கு வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் நான் பேசி முடிக்கும்முன் கதவைச் சாத்தினார்கள். மீதி இரண்டு வீட்டுக்கு நாளைக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் 24. வியாழன்

கையெழுத்துப் போட்டேன். கண்ணைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு குத்து. எறும்புக்கடி என்றார்கள். எறும்பு இல்லை, குளவி.

"இப்ப புரிஞ்சுதா ஐயா?"

"பாதி."

"எனக்கும் முழுசாத் தெரியாது. சில கேள்விக்கு இன்னும் யாருக்குமே பதில் தெரியல" என்றார் டாக்டர். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே போட்டிருப்பேன். போட்டிருப்பேனா?

ஏப்ரல் 26

ஒன்றும் ஆகவில்லை. வழக்கம் போல மூடுகிறது. ஏமாற்று வேலை.

மே 1

காலையிலிருந்து இரண்டு முறைதான் மூடியது. நம்பவில்லை.

மே 6. செவ்வாய்

ஒரு முறைகூட இல்லை. இரண்டு பக்கம் ஒரே மூச்சில் படித்தேன். நரம்பு உத்தரவு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது, பைகளும் சரக்கோடு சுவர் ஓரத்தில் நிற்கின்றன, ஒட்ட முடியவில்லை. என் கண்ணுக்குள் இத்தனை பைகள் வேலையில்லாமல் நிற்கின்றன என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

குணாளன் இரண்டு சாவியையும் ஆணியில் மாட்டினான்.

மே 11. ஞாயிறு

யாரையும் ஏற்றாமல் தனியாக கம்போங் ராஜா வரை வேனை ஓட்டிப்போய்த் திரும்பினேன். அத்தனை வளைவு, அத்தனை லோரி. கண் ஒரு தடவை மூடவில்லை. இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றலாம். யார் தடுப்பது? டாக்டரே ஓட்டலாம் என்கிறார், மூன்று மாதத்தில் மறுபடி வந்து போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் மூன்று மாதம்?

மே 13

டாக்டருக்கு போன் போட்டேன். எடுத்தார். வெட்டுப்பட்ட கொக்கிக்குப் பதில் செல் புதுக் கொக்கி செய்து அனுப்பிக்கொண்டே இருக்குமாம். செய்கிற இடம் தூரம், சேர்கிற இடம் தூரம். கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். வெட்டுகிறவன் ஓயும்போது பைகள் மறுபடி ஒட்ட ஆரம்பிக்கும்.

"எந்த நாள்னு சொல்ல முடியுமாம்மா?"

"ரெண்டரை மாசமா இருக்கலாம், நாலா இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும். லேசா ஆரம்பிக்கிறப்ப உங்களுக்கே தெரியும் ஐயா."

எனக்கே தெரியும்! ஒன்பது மாதம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன செய்தேன்? ஒரு மாதம் நன்றாக ஓட்டுவேன், இரண்டு மாதம் ஓட்டுவேன். லேசாகத் துடிக்கும். இன்று ஒரு நாள்தானே, நாளைக்கு நிறுத்தலாம் என்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

அதே சமயம் கண் நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? யாரிடம் கேட்பது? புத்தகத்தில் இதுவும் இல்லை.

மே 20

போன வாரம் திலகாவிடம் வேன் லைசன்ஸ் எடுக்கச் சொன்னேன். "உங்க வண்டிய ஓட்டி உங்ககிட்ட ஏச்சும் வாங்கணுமா? எனக்கு என்ன தலையெழுத்தா அண்ணே?" என்றாள்.

மறுநாள் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டாளாம். குணாளன் சொன்னான்.

ஜூலை 21. திங்கள்

லைசன்ஸ் கிடைத்து இரண்டு வாரமாக திலகா வேனை ஓட்டுகிறாள். நான் பின்னால் உட்கார்ந்து, பிள்ளைகள் ஏறி இறங்கும்போது கதவை இழுத்து விடுகிறேன். மேட்டில் கியரைத் தாமதமாக மாற்றுகிறாள். ஒரு முறை சொன்னேன். "அண்ணே, கதவப் பாருங்க" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அடுத்த ஊசி வியாழக்கிழமை. மே 6-இலிருந்து இன்றுவரை கண் ஒரு தடவையும் மூடவில்லை. ஆக இத்தனை நாளும் நானே ஓட்டியிருக்கலாம். செய்தது சரியா, வீண் பயமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காமலே இருக்கட்டும் என்றும் மனசு ஒப்பவில்லை.

மத்தியானம் வேனைக் கழுவித் துடைத்தேன். வழக்கம் போல ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டீரிங்கில் இடித்தது. திலகா குட்டை, இருக்கையை நன்றாக முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறாள். கீழே கையை விட்டு, இருக்கையைத் தள்ளுகிற பிடியைத் தேடினேன். அகப்பட்டது.

பின்னால் தள்ளவில்லை. அப்படியே விட்டுவிட்டு இறங்கி, கதவைச் சாத்தினேன்.